'ஸ்டாஃப்' என்ற உரைகல்: நான்கு ஆங்கில அகராதிகளை இழுத்துப் பார்த்ததில்

செட்டியார் தெருவில் நகை பார்க்கத் தெரிந்தவர் சங்கிலியை உருக்கிப் பார்ப்பதில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, விழுந்த கோட்டை வைத்தே மாற்றுச் சொல்லிவிடுவார். அதே தெருவில், நகைக்கடைகளுக்கு நடுவே இருக்கும் பூபாலசிங்கம் புத்தகசாலைக்கு ஆங்கில அகராதி வாங்கப் போகிறவருக்கும் அப்படி ஒரு கல் வேண்டும். அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று அச்சடித்திருப்பதை நம்பி அகராதி வாங்குவது, பெட்டிக்குள் இருக்கும் வெல்வெட்டுத் துணியைப் பார்த்து நகை வாங்குவது மாதிரி.

இந்த மதிப்பீட்டுக்குக் கல்லாக எடுத்த சொல் 'ஸ்டாஃப்'. கொழும்பில் எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும் கதவில், மெமோவில், லீவுப் படிவத்தில், வேனின் முன்கண்ணாடியில் இந்தச் சொல் நிற்கும். பொருள் தெரியாதவர் இல்லை. எழுதும்போது சறுக்காதவரும் குறைவு. அகராதியைச் சோதிக்க இப்படிப்பட்ட சொல்தான் தோது. அபூர்வமான சொல்லுக்கு எந்த அகராதியும் பொருள் சொல்லிவிடும். எல்லோரும் அறிந்த சொல்லை வசனத்தில் எப்படி உட்கார வைப்பது என்று சொல்லுமிடத்தில்தான் நல்ல அகராதியும் சுமாரான அகராதியும் பிரிகின்றன.

கல்லில் இழுக்கப்பட்டவை, ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்றே தயாரான நான்கு அகராதிகள்: ஒக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் (பத்தாம் பதிப்பு, 2020), லோங்மன் கண்டெம்பரரி (ஆறாம் பதிப்பு, 2014), கேம்பிரிட்ஜ் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் (நான்காம் பதிப்பு, 2013), கொலின்ஸ் கோபில்ட். நான்குக்கும் இலவச இணையதளம் உண்டு. பக்கத்தில் வைத்துப் பார்க்க மெரியம்-வெப்ஸ்டரும் சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதியும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் ஒக்ஸ்ஃபோர்ட். இலக்கணக் குறியீடுகளைக் கண்டாலே தலை சுற்றும் என்றால் கோபில்ட். கடிதம் எழுதுவதே தொழில் என்றால் ஒக்ஸ்ஃபோர்டோடு லோங்மன் இணையதளத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் நல்லதுதான், ஆனால் இந்தச் சொல்லில் அது வாசகரைக் கொஞ்சம் தனியே விட்டுவிடுகிறது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சொல் எங்கே சறுக்குகிறது

அகராதி என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தான் அது சொன்னதா இல்லையா என்று பார்க்க முடியும். ஆகவே முதலில் பிழைகள்.

தமிழில் 'ஊழியர்' என்றால் ஒருவரா பலரா? 'ஊழியர் வந்தார்' என்றால் ஒருவர், மரியாதையோடு. 'ஊழியர் வந்தனர்' என்றால் பலர். பெயர்ச்சொல் அசையாமல் நிற்க, எண்ணிக்கையை வினைமுற்று சொல்லிவிடுகிறது. ஆங்கில 'ஸ்டாஃப்' அப்படியல்ல. அது எப்போதும் கூட்டத்தைக் குறிக்கும் சொல். ஓர் ஆளை அது குறிக்காது. ஆனால் நம் கந்தோர்ப் பேச்சில் 'ஒரு ஸ்டாஃப் வந்து கேட்டார்', 'இன்றைக்கு ரெண்டு ஸ்டாஃப் லீவு' என்று 'ஊழியர்' உட்கார்ந்த நாற்காலியிலேயே 'ஸ்டாஃப்' உட்கார்ந்துவிட்டது. பேச்சில் அதில் குற்றமில்லை. அங்கே அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அதே வசனத்தை ஆங்கிலக் கடிதத்தில் இறக்கும்போதுதான் வினை. சிங்களத்தில் 'ஸ்டாஃப் எக' என்னும்போது அந்த 'எக' முழுக் கூட்டத்தையும் ஒன்றாகக் கட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது ஆங்கிலத்துக்குக் கிட்ட நிற்கிறது.

முதற்பிழை இதிலிருந்துதான் வருகிறது. 'ஒன் ஸ்டாஃப் இஸ் அப்சென்ட்' என்று எழுதுகிறார்கள். 'ஒன் மெம்பர் ஒஃப் ஸ்டாஃப் இஸ் அப்சென்ட்' என்று வரவேண்டும். 'ஸ்டாஃப் மெம்பர்' என்றாலும் சரி. வினைச்சொல் 'மெம்பர்' என்பதோடு போவதால் ஒருவர் என்றால் 'இஸ்', பலர் என்றால் 'மெம்பர்ஸ் ஒஃப் ஸ்டாஃப் ஆர்'. சுயவிபரக் கோவையில் அடிக்கடி தலைகாட்டும் 'ஐ வேர்க்ட் ஏஸ் ஏ ஸ்டாஃப்' இதன் தம்பி. அங்கே பதவியின் பெயரையே எழுதுவது நல்லது: கிளார்க், கஷியர், ஸ்டாஃப் அசிஸ்டன்ட். கடைசிப் பெயரில் 'அசிஸ்டன்ட்' ஆளைக் குறிக்கிறது, 'ஸ்டாஃப்' அதற்கு அடைமொழி. வங்கிகளில் இந்தப் பதவிப் பெயர் சுருங்கிச் சுருங்கி 'ஒரு ஸ்டாஃப்' ஆகிவிடுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். தனியார் ஆஸ்பத்திரிகளின் 'ஸ்டாஃப் நர்ஸ்' கதையும் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஏ ஸ்டாஃப்' என்று கண்டவுடன் சிவப்புப் பேனாவை எடுக்கக்கூடாது. 'தி கிளினிக் ஹேஸ் ஏ ஸ்டாஃப் ஒஃப் டென்' என்பது சுத்தமான ஆங்கிலம். பத்துப்பேர் கொண்ட ஓர் அணி என்று பொருள். பிழை 'ஏ' என்ற எழுத்தில் இல்லை, கூட்டத்தின் பெயரை ஓர் ஆளின் தலையில் வைப்பதில் இருக்கிறது. இதே காரணத்தால் 'ஈச் ஸ்டாஃப்', 'எவ்ரி ஸ்டாஃப்' இரண்டும் தவறு. சுற்றுநிருபத்தில் 'எவ்ரி மெம்பர் ஒஃப் ஸ்டாஃப்' என்று எழுதலாம். அதைவிடச் சுருக்கமாக 'ஓல் ஸ்டாஃப்' போதும்.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த 'ஸ்டாஃப்ஸ்'. டீச்சர்மார், டொக்டர்மார் என்று எதிலும் 'மார்' ஒட்டிப் பழகிய நமக்கு 'ஸ்டாஃப்மார்' இயல்பாக வரும். அதை ஆங்கிலத்தில் எழுதினால் வால் முளைத்து 'ஸ்டாஃப்ஸ்' ஆகிறது. 'ஸ்டாஃப்ஸ் ஒன்லி' என்று கதவில், 'சேல்ஸ் ஸ்டாஃப்ஸ் வோன்டட்' என்று கடைக் கண்ணாடியில். இரண்டிலும் வாலை நறுக்கினால் சரியாகிவிடும்.

ஆனால் 'ஸ்டாஃப்ஸ்' என்ற வடிவமே இல்லை என்று படிப்பிப்பதும் பிழை. வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு அணிகளைச் சொல்லும்போது அது செல்லும்: இரண்டு தூதரகங்களின் 'ஸ்டாஃப்ஸ்' என்றால் இரண்டு தனித்தனி அணிகள். வினைச்சொல்லாக வரும்போதும் செல்லும்: 'ஷீ ஸ்டாஃப்ஸ் தி கவுன்டர்', அவர் கவுன்டரில் கடமையில் இருக்கிறார். சாதாரணக் கந்தோர்க் கடிதத்தில் முதல் வகைக்குத் தேவை வருவது அரிது. 'தி ஸ்டாஃப் ஒஃப் போத் பிராஞ்சஸ்' என்று எழுதித் தப்பிக்கலாம்.

இந்த இரண்டு உண்மை வடிவங்கள் இருப்பதால்தான் மைக்ரோசொஃப்ட் வேர்ட் 'ஸ்டாஃப்ஸ்' என்பதற்குச் சிவப்புக் கோடு போடுவதில்லை. எழுத்துக்கூட்டலைப் பார்க்கும் கருவிக்கு அது சரியான சொல். கோடு இல்லை, ஆகவே சரி என்று நினைத்து அனுப்பப்படும் கடிதங்கள் ஏராளம். செய்யவேண்டியது சின்ன வேலை: கடிதம் முடிந்ததும் கண்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தி, 'ஸ்டாஃப்ஸ்' என்று ஒரு தேடல், பிறகு 'ஏ ஸ்டாஃப்', 'ஒன் ஸ்டாஃப்', 'ஈச் ஸ்டாஃப்', 'எவ்ரி ஸ்டாஃப்' என்று நான்கு தேடல்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது 'இஸ்', 'ஆர்' சண்டை. பிரித்தானிய வழக்கில் ஆட்களை நினைத்துப் பேசுவதால் 'தி ஸ்டாஃப் ஆர்' என்று பன்மை வினை வரும். அமெரிக்க வழக்கில் 'தி ஸ்டாஃப் இஸ்'. நம் பாடசாலையும் அரச கடிதமும் பிரித்தானிய வழியில் வந்தவை. ஆகவே கொழும்பில் எழுதும் கடிதத்துக்கு 'ஆர்' பொருந்தும். அமெரிக்கத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புகிறவர் 'இஸ்' போடட்டும். எதைப் போட்டாலும் வசனம் முடியும்வரை அதையே பிடித்திருக்க வேண்டும். உண்மையில் உறுத்துவது கலப்படம்தான்: 'தி ஸ்டாஃப் இஸ் ரிக்வெஸ்டட் டு சப்மிட் தெயர் லீவ் ஃபோர்ம்ஸ்'. முன்பாதியில் ஒருமை, பின்பாதியில் 'தெயர்'. 'ஆர் ரிக்வெஸ்டட்' என்று மாற்றினால் இரண்டு பாதியும் ஒட்டிவிடும். இன்னும் சந்தேகமா? 'மெம்பர்ஸ் ஒஃப் ஸ்டாஃப் ஆர்' என்று எழுதுங்கள். கடல் கடந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எண்ணிக்கையிலும் இதே பிளவு உண்டு. 'டென் ஸ்டாஃப்' என்பது பிரித்தானிய வழக்கில் ஏற்கப்படும், அமெரிக்க வழக்கில் ஏற்கப்படாது. இங்கே கூர்மையான வாசகர் கேட்பார்: பத்து ஸ்டாஃப் சரி என்றால் ஒரு ஸ்டாஃப் ஏன் பிழை? கேள்வி நியாயமானது. பத்து என்னும்போது சொல் பன்மையாகவே நிற்கிறது, 'பீப்பிள்' மாதிரி. 'டென் பீப்பிள்' உண்டு, 'ஒன் பீப்பிள்' கிடையாது. 'ஹவ் மெனி ஸ்டாஃப்' சரி. 'ஹவ் மச் ஸ்டாஃப்' கூடாது.

மேல்கொமா (அபொஸ்ட்ரஃபி) விஷயம் சின்னது, ஆனால் பெயர்ப்பலகையில் ஏறினால் இறங்காது. 'ஸ்டாஃப் ரூம்', 'ஸ்டாஃப் மீட்டிங்', 'ஸ்டாஃப் கன்டீன்' எதற்கும் மேலே கொமா வேண்டாம், 'எஸ்' வேண்டாம். பாடசாலைக் கட்டடம் என்று நாம் 'உடைய' இல்லாமல் தொகையாகச் சொல்வது போலத்தான். வேன் முன்கண்ணாடியில் 'ஸ்டாஃப் சேர்விஸ்' என்று எழுதியவர் இலக்கணம் படித்திருக்கிறாரோ இல்லையோ, சரியாக எழுதியிருக்கிறார்.

'ஸ்டாஃப்' எழுத நினைத்து ஓர் எழுத்து மாறி 'ஸ்டஃப்' ஆகிவிட்டால் ஊழியர்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகிவிடுவார்கள். இதையும் வேர்ட் பிடிக்காது. 'பெர்சனெல்' (ஊழியர்), 'பெர்சனல்' (தனிப்பட்ட) குழப்பம் இதே குடும்பம்.

ஒக்ஸ்ஃபோர்ட்

கல்லில் மிகத் தெளிவான கோடு இதுதான். பொருளுக்கு முன்னாலேயே, இது எண்ணக்கூடிய பெயர், வழமையாக ஒருமையில் வரும் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறது. அதோடு நிற்காமல் தனியாக ஓர் இலக்கணக் குறிப்பும் உண்டு. பிரித்தானிய வழக்கில் 'ஏ ஸ்டாஃப் ஒஃப் டென்' என்றும் வரும், 'டென் ஸ்டாஃப்' என்றும் வரும். எழுவாயாக நின்றால் வினை பன்மை. அமெரிக்காவில் ஒருமை மட்டும், 'டென் ஸ்டாஃப்' அங்கே இல்லை. 'ஸ்டாஃப்ஸ்' குறைவாக வரும், வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் குறிக்கும். மேலே மூன்று பந்தியில் நாம் இழுத்ததை அது ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கிவிட்டது.

குறை என்ன? குறியீடுகள் தெரியாதவருக்கு முன்பாதி கண்ணில் படாது. 'சி' என்றால் எண்ணக்கூடியது, 'யூ' என்றால் எண்ணமுடியாதது என்பதை முதலில் படித்துக்கொள்ள வேண்டும். இது இந்த அகராதியின் பரம்பரைச் சொத்து. ஏ. எஸ். ஹோர்ன்பி 1942 இல் டோக்கியோவில் வெளியிட்ட மூல அகராதியிலேயே, வேற்றுமொழிக்காரருக்கு இடறுவது பொருள் அல்ல, எண்ணலாமா கூடாதா என்பதும் வினை எப்படி வரும் என்பதும்தான் என்று கணித்து அவற்றைக் குறித்து வைத்தார். 1948 இல் ஒக்ஸ்ஃபோர்ட் அதை எடுத்து வெளியிட்டது. அந்தக் கணிப்பு இன்றைக்கும் கொழும்புக் கந்தோருக்குப் பொருந்துகிறது.

இன்னொன்று: குறிப்பின் பாதி பிரித்தானிய-அமெரிக்க வேறுபாட்டுக்கே போய்விடுகிறது. 'எவ்ரி ஸ்டாஃப்' எழுதுகிற நம் ஆளுக்கு அது தேவையான அளவு உரத்துச் சொல்வதில்லை.

கோபில்ட்

1987 இல், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்க்ளேயர் தலைமையில் வந்தது. இதன் விசேஷம், பொருளைத் துண்டு துண்டாகச் சொல்லாமல் முழு வசனமாகச் சொல்வது. 'ஸ்டாஃப்' என்பதற்கு அது தரும் விளக்கத்தின் சாரம்: ஒரு நிறுவனத்தின் 'ஸ்டாஃப்' என்போர் அங்கே வேலை செய்பவர்கள். ஆங்கிலத்தில் அந்த வசனத்தின் வினை 'ஆர்'. கவனித்தீர்களா? இலக்கணம் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், விளக்க வசனமே பன்மை வினையைக் காட்டிவிட்டது. அதை நாலு தரம் சத்தமாக வாசித்தால் காது பிடித்துக்கொள்ளும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பாதகமும் அங்கேதான். முழு வசனத்தை வாசிக்கப் பொறுமை வேண்டும். பொருளை மட்டும் கொத்திக்கொண்டு பறக்கிறவர் அந்த 'ஆர்' என்பதைக் காணாமலே போய்விடுவார். ஒக்ஸ்ஃபோர்ட் மாதிரி நிறுத்தி வைத்துச் சொல்ல இங்கே பெட்டி இல்லை.

லோங்மன்

இது 1978 இல் வந்தபோது, ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதிக் காட்டியது. இன்றைக்கும் விளக்கம் எளிமையில் முன்னணி. ஆனால் 'ஸ்டாஃப்' சோதனையில் இதன் பலம் வேறிடத்தில்: சொல் யாரோடு கூடி நடக்கும் என்பதைப் பட்டியலாகத் தருகிறது. 'மெம்பர் ஒஃப் ஸ்டாஃப்', 'ஒன் தி ஸ்டாஃப்' (இந்த 'ஒன்' எண் அல்ல, முன்னிடைச்சொல்), முழுநேரம், பகுதிநேரம், நிரந்தரம் என்று எந்த அடைமொழி முன்னால் வரும் என்று பார்க்கலாம்.

கந்தோரில் இது எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று சொல்லலாம். 'சிற்றூழியர்' என்பதை அரச வழக்கில் 'மைனர் ஸ்டாஃப்' என்கிறோம். 'கல்விசாரா ஊழியர்' என்பதை 'நொன்-அகடமிக் ஸ்டாஃப்' என்கிறோம். முதலாவது இங்கே எல்லோருக்கும் விளங்கும், வெளிநாட்டு வாசகருக்குக் கொஞ்சம் மூக்கில் இடிக்கும். 'சப்போர்ட் ஸ்டாஃப்' அவருக்கு உடனே விளங்கும். 'காடர்' இன்னும் மோசம். அங்கீகரிக்கப்பட்ட பதவிகளின் எண்ணிக்கை, அதாவது ஆளணி, என்ற பொருளில் நாம் அதை எழுதுகிறோம். உலக ஆங்கிலத்தில் அது பயிற்றப்பட்ட ஒரு சிறு அணி, பல வேளை ஒரு கட்சியின் முழுநேரத் தொண்டர்கள். லண்டனுக்கு அனுப்பும் கடிதத்தில் 'காடர் வேக்கன்சீஸ்' என்று எழுதினால் புருவம் உயரும்.

லோங்மன் இணையப் பக்கத்தில் ஒரே சொல்லுக்குப் பெயர், வினை என்று தனித்தனிப் பதிவுகள் கீழே நீண்டு போகும். கைபேசியில் பார்த்தால் முதல் பதிவோடு முடிந்தது என்று எண்ணி மூடிவிடுவார்கள். இறுதிவரை இறங்கிப் பாருங்கள்.

கேம்பிரிட்ஜ்

இதன் எடுத்துக்காட்டுகள் நல்லவை, இயல்பானவை. ஆனால் ஒரே பொருளின் கீழ் 'தி ஸ்டாஃப் இஸ்' என்று ஒரு வசனமும், ஒரு கம்பனியில் நூற்றுக்கு மேற்பட்ட 'ஸ்டாஃப்' 'ஆர்' என்று இன்னொரு வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அடைப்புக்குறிக்குள் இரண்டு வினையும் வரும் என்ற குறிப்பு இருக்கிறது. எப்போது எது என்பதை வாசகரே ஊகிக்க வேண்டும். ஒக்ஸ்ஃபோர்ட் பிரித்தானிய வழக்குக்குப் பன்மை என்று அடித்துச் சொல்லும் இடத்தில் கேம்பிரிட்ஜ் ஒருமையையும் நடமாட விடுகிறது. உண்மையான பிரித்தானிய எழுத்தில் இரண்டும் காணப்படும். அந்த அளவில் கேம்பிரிட்ஜ் சொல்வது பொய்யல்ல. ஆனால் நாளைக் காலை கடிதம் போகவேண்டியவருக்குத் தேவை அலசல் அல்ல, ஒரு முடிவு.

இணையதளத்தில் ஒரு பொறி உண்டு. பதிவுக்குக் கீழே தானாகத் தெரிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டுகள் என்று ஒரு பகுதி வரும். அவை தொகுப்பாசிரியர் எழுதியவை அல்ல. பெரிய உரைத்தொகுப்புகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் இழுத்து வந்தவை. ஒரு சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பார்க்க உதவும். கடிதத்துக்குப் பிரதி பண்ண மேலே உள்ளவற்றை மட்டும் எடுங்கள்.

மற்ற இரண்டும்

மெரியம்-வெப்ஸ்டரில் 'ஸ்டாஃப்' பார்த்தால் முதலில் வருவது ஊன்றுகோல். அச்சம் வேண்டாம். அது பொருள்களைத் தோன்றிய வரிசையில் அடுக்கும் அகராதி, 'ஸ்டாஃப்' பிறக்கும்போது தடியாகத்தான் பிறந்தது. வேதாகமத்தின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் ஆங்கிலத்தில் வருவது அந்தத் தடிதான். தடி அதிகாரக் கோலாகி, கோல் தளபதியைச் சுற்றி நிற்கும் அதிகாரிகளைக் குறித்து, கடைசியில் பேக்கரியில் மாலுப் பாண் எடுத்துத் தருபவர்வரை வந்து சேர்ந்தது என்பது பொதுவான விளக்கம். 'ஸ்டாஃப் ஒஃபிசர்' என்பதை நம் அரச தமிழில் 'பதவிநிலை உத்தியோகத்தர்' என்று எழுதுவது அந்த அதிகாரிப் பொருளின் மிச்சம். தடிக்குப் பன்மை 'ஸ்டேவ்ஸ்' என்றும் வரும். ஊழியருக்கு அந்தப் பன்மை ஒருபோதும் வராது. சங்கீத வகுப்பில் ஐந்து கோட்டுக்கும் 'ஸ்டாஃப்' என்ற பெயர் உண்டு. பிரித்தானியர் அதை 'ஸ்டேவ்' என்பார்கள். அமெரிக்கக் கடிதம் எழுதுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு வெப்ஸ்டர் இந்த வேலைக்குத் தேவையில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1965 இல் முழுமையாக வந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தமிழ்ச் சொல்வளத்தில் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். ஆனால் இந்தச் சோதனைக்கு அது பொருந்தாது. ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தமிழில் தருவதுதான் அதன் வேலை, ஆங்கில வசனம் கட்டித் தருவதல்ல. பரிதாபம் என்னவென்றால் கொழும்பில் பல மேசைகளில் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று மட்டுமே இருக்கிறது. 'ஊழியர்' என்ற விடையோடு அது நிறுத்திக்கொள்ள, மேலே சொன்ன எல்லாச் சறுக்கலும் அங்கிருந்து தொடங்குகின்றன. ஆங்கிலத்திலிருந்து இலங்கையின் அரச தமிழுக்குப் போகவேண்டும் என்றால் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளைப் பாருங்கள். இந்திய அகராதியின் சொல் இங்குள்ள படிவத்தில் இருக்கும் சொல்லாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

கடையில் நின்றபடி

கடையில் வேறு ஏதாவது அகராதியைக் காட்டினால், வாங்குமுன் 'ஸ்டாஃப்' பக்கத்தைத் திறவுங்கள். பார்க்கவேண்டியவை நான்கு: எண்ணக்கூடியதா என்ற குறி, வினை ஒருமையா பன்மையா என்ற குறிப்பு, 'மெம்பர் ஒஃப் ஸ்டாஃப்' என்ற தொடர், பிரித்தானிய-அமெரிக்க வேறுபாடு. இரண்டுக்குக் குறைவாக இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். பிறகு 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' இரண்டையும் புரட்டுங்கள். இவை 'ஸ்டாஃப்' போல இரட்டை வேஷக்காரர் அல்ல, எண்ணவே முடியாதவை. 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' எழுதாமல் 'ஏ பீஸ் ஒஃப்' என்று எழுதச் சொல்லி ஏதேனும் குறிப்போ எடுத்துக்காட்டோ இருக்கவேண்டும்.

காகிதமா இணையமா என்று கேட்டால், கந்தோரில் இணையம் உள்ளவர் காகிதத்துக்குக் காசு கொடுக்க அவசியமில்லை. நான்கு தளங்களும் இலவசம், விளம்பரத் தொல்லை மட்டும் உண்டு. வீட்டில் பிள்ளை கைபேசியைத் தொடாமல் படிக்கவேண்டும் என்றால் காகிதம்.

புதிதாக வாங்குகிறவர்கள் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிவரை பொறுத்தால் கழிவு விலையில் பார்க்கலாம். பழையது என்றால் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகள். ஒக்ஸ்ஃபோர்டின் ஏழாம் பதிப்பு 2005, எட்டாம் பதிப்பு 2010, ஒன்பதாம் பதிப்பு 2015. 'ஸ்டாஃப்' மாதிரிச் சொற்களுக்கு இவற்றில் எதை வாங்கினாலும் நட்டமில்லை. இந்தச் சொல்லின் நடத்தை அதற்குள் மாறிவிடவில்லை. அட்டைக்குள் இருக்கும் இணையக் குறியீட்டுக்காக விலை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் சொந்தக்காரர் அதைப் பயன்படுத்தி முடித்திருப்பார். மலிவாகக் கிடைக்கும் திருட்டு அச்சுப் பிரதிகளில் சின்ன எழுத்து மை பரவி, 'சி' எது 'யூ' எது என்று பிரிக்க முடியாது. பழைய அகராதிகளில் கட்டு விட்டு முதலில் கழன்று விழுவது கடைசிப் பக்கங்கள். ஆங்கில அகராதியில் மிக நீண்ட எழுத்தான 'எஸ்' அந்தக் கடைசிக்குக் கிட்டத்தான் இருக்கிறது. விலை பேசுமுன் 'ஸ்டாஃப்' தாள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.